ஜெசிந்தா ரீச்சரின் நட்சத்திரக் கணக்கு

நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றபோதுதான் ஜெசிந்தா ரீச்சர் இறந்த செய்தி கிடைத்தது. அல்லைப்பிட்டியில் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் சொன்னார். "தொய்வு கடுமையாகி மூச்சு முட்டிப் போச்சு, சேர். ஊரடங்கு. விடியுமட்டும் வாகனம் எடுக்க ஏலாமல் போச்சு."

ரீச்சர் பௌதிகம் படிப்பித்தவர். அதே பள்ளியில் நான் கணிதம். கடலுக்குப் போன கணவர் திரும்பாத பின், கத்தோலிக்கரான அவர் ஒரு சிறிய ஜெபசபையில் சேர்ந்தார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். சபையில் நடந்தது சிலருக்கே தெரியும்.

அதன் போதகருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு புத்தகம் வந்தது. உலகுக்கு வயது ஆறாயிரம் ஆண்டுதான் என்றது அது. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது பொதுச் சார்பியல்; பூமி அப்படியான இடத்தில் இருந்ததால் இங்கே ஆறு நாள் கழியும்போது தொலைவானில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்து, நட்சத்திர ஒளி வந்து சேர்ந்ததாம். விஞ்ஞானம் படித்தவர் சொன்னால் சனம் நம்பும் என்று, அதை விளக்கும் வேலையைப் போதகர் ரீச்சரிடம் கொடுத்தார்.

அது உண்மையாக இருக்கவேண்டும் என்றுதான் ரீச்சரும் ஆசைப்பட்டார். பள்ளி விட்டபின் அவரும் நானும் இரண்டு மாதம் ஆய்வுகூடத்தில் இருந்து கணக்குப் பார்த்தோம். ஒருநாள் பேனையை மூடினார்.

"காலம் மெதுவாகிறது உண்மை, சேர். ஆனால் நாங்கள் அப்படியொரு ஈர்ப்புக் குழியின்ர அடியில இருந்தால், தூரத்து வெளிச்சம் நீலப்பக்கம் சாய்ஞ்சு வரவேணும். வாறது சிவப்புப் பக்கம். இது சரிவராது."

"சபையில என்ன சொல்லப் போறீங்கள்?"

"இதைத்தான்."

ஞாயிறு என்னையும் அழைத்துப் போனார். எழுந்து நின்று, "நான் ஆண்டவரை நம்புறன். அவருக்காகப் பிழையான கணக்குச் சொல்ல என்னால ஏலாது" என்றார். போதகர் கோபிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சேர், ரீச்சர் சொல்லுறது சரியோ?"

சரியென்று தெரியும். ஆனால் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட என் தம்பியை, முகாம் வாசலில் மூன்று நாள் நின்று மீட்டுத் தந்தவர் அந்தப் போதகர். அவர் தயவு இன்னொரு முறையும் தேவைப்படலாம். "எனக்கு அந்தளவுக்கு விளங்கேல்லை" என்றேன்.

அதன்பின் சபையார் ரீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. கணவரின் நினைவுநாளில் ஜெபிக்கவும் ஒருவரும் வரவில்லை. பழைய கத்தோலிக்கக் கோவிலுக்குத் திரும்பிப் போக அவருக்குக் கூச்சம். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "உங்கட தம்பி வீட்டில இருக்கிறான். அது போதும்" என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். போதகர் பின்னால் தனியாக நின்றார். அவரிடம் போனேன்.

"பாஸ்டர், ரீச்சர் சொன்னது சரி. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"நீங்கள் பொய் சொன்னது எனக்கும் அண்டைக்கே தெரியும், சேர்" என்றார் அவர்.

ரீச்சர் எனக்கு விட்டுப்போனது அவர் தந்த மன்னிப்பு ஒன்றுதான். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.