அக்காவின் ஆறாம் வகுப்பு

நம் நாட்டில் டாக்டருக்குப் படிக்க வேறு பட்டம் எதுவும் வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டால் போதும். பள்ளிச் சீருடையைக் கழற்றிய கையோடு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்படி நேராக உள்ளே போகிறவளிடம் அதற்கு முந்தைய வருடங்களுக்கெல்லாம் கணக்குக் கேட்பார்கள். என் அக்காவிடம் கேட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் தோன்றுகிறது.

எங்கள் ஊர் திருவாடானைப் பக்கம். அய்யாவுக்குக் கொஞ்சம் வயல், கொஞ்சம் மிளகாய்க் கொல்லை. அய்யாவின் அண்ணன், என் பெரியப்பா, இராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்தினார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் வெகுகாலம் பிள்ளை இல்லை. அக்கா ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் வந்தவர், "இவள நான் கூட்டிட்டுப் போறேன், என் பிள்ளையா வளரட்டும்" என்றார். அய்யா தன் அண்ணன் பேச்சைத் தட்டி அறியாதவர். அக்காவைப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி, பாம்பன் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அங்கே ஒரு தனியார் பள்ளியில் அக்கா ஆறாம் வகுப்பு படித்தாள். பெரியம்மாவை "அம்மா" என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பெரியம்மா உண்டானார். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் லாட்ஜில் வேலை பார்க்கும் ஒருவர் அக்காவைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். பெரியப்பா வரவில்லை. அக்கா கொண்டுவந்த பள்ளிக்கூட டையை அம்மா கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டாள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா ஊர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

அவள் நுழைவுத் தேர்வு எழுதியபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் தனி ஒதுக்கீடு வந்திருந்தது. பொதுப் பட்டியலுக்கு எட்டாத மதிப்பெண்தான். ஆனால் அந்த ஒதுக்கீட்டில் நிச்சயம் இடம் உண்டு என்று ஆசிரியர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தெருவில் போகிறவர்கள் அதற்குள் அவளை "டாக்டரம்மா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். எனக்குப் பதினொரு வயது. தலைமையாசிரியர் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறாப்பு வெளிய படிச்சிருக்கியேம்மா."

"ஒரு வருசந்தானே சார்?" என்றார் அய்யா.

"ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் முழுக்க அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்யா. ஒரு வருசம்னாலும் ஏத்துக்க மாட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

அய்யா நின்ற இடத்திலேயே நின்றார். அக்காதான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

விஷயம் தெரியாமல் மறுநாள் காலை பெரியப்பா காரில் வந்து இறங்கினார். கையில் பெரிய இனிப்புப் பெட்டி. "அன்னைக்கு நான் போட்ட இங்கிலீசு அஸ்திவாரம்லே இது" என்றபடியே உட்கார்ந்தார். அய்யா தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். பெரியப்பா கொஞ்சம் யோசித்தார்.

"சரி, இங்கனயே படிச்சதா எழுதி வாங்கிருவோம். யாரு பாக்கப் போறா?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிக் கெடக்காம்ண்ணே."

"அப்ப என்ன செய்ய? ரூலு அப்பிடி. நான் நல்லதுக்குத்தானே படிக்க வச்சேன்?"

அய்யா அதற்கும் தலையாட்டினார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்தக் காப்பியைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே ஓடினேன். ஓர் ஓட்டுச் சில்லை எடுத்து, அவருடைய வெள்ளைக் காரின் முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை அழுத்திக் கீறினேன். திருப்தியாக இல்லை. திரும்பி வந்து இன்னொரு கோடும் போட்டேன்.

சத்தம் கேட்டுப் பெரியப்பா வெளியே வந்தார். "ஏலே, ஒம் மக செஞ்சிருக்க காரியத்தப் பாரு" என்றார். அதுவரை என்னைத் தொட்டு அடித்திராத அய்யா, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மறுபடி கை ஓங்கியபோது அக்கா நடுவில் வந்து நின்றாள். அடுப்படியை விட்டு அவள் வெளியே வந்ததே அப்போதுதான்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். என்னைய ஏன் திருப்பி அனுப்புனீக?"

பெரியப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னத்தா, இப்பப் போயி அத…"

"நான் ஏதும் தப்பு செஞ்சேனா?"

"சேச்சே. பெரியம்மாவுக்கு அப்ப ஒடம்பு முடியல. பிள்ளைய வேற…"

"நான் பாத்திருப்பேன்ல? பிள்ளையவும் பாத்திருப்பேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பெரியப்பா கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அய்யா சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்னை அடித்ததற்காக வருந்துகிறார் என்று நினைத்து, எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுவருடமும் அக்கா தேர்வு எழுதினாள். பொதுப் பட்டியலுக்கு எட்டவில்லை. விலங்கியல் படித்தாள், பி.எட். முடித்தாள். இப்போது ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியப்பா வீட்டு விசேஷம் எதற்கும் அவள் போவதில்லை. அய்யா அவளை வரச்சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை.

ஆனால் அன்று எனக்கு அவள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. "சீட்டு போனதுக்கு நறுக்குன்னு நாலு கேள்வி கேக்காம, என்னைக்கோ நடந்ததப் போயிக் கேக்குற?" என்று கத்தினேன்.

அவள் என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கையைத் தட்டிவிட்டேன். அவரைச் சும்மா விட்டுவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.