அவசரம் என்றால் திறக்காத கேட்

ஹரிபாபு வீட்டுக் கேட் திறக்காததால்தான் கிருபானந்தத்துக்குப் பேச்சு போனது என்று சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கேட்டைப் பூட்டச் சொன்னதே கிருபானந்தத்தின் மகள் அபிகாயில்தானாம். டீக்கடைப் பேச்சில் பாதியாவது பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்று விசாரிக்கப் போனால்தான் வம்பு.

அபிகாயில் சிறு முதலாளிகளுக்கு யோசனை சொல்லிப் பிழைப்பவள். விடிந்ததிலிருந்து போனும் கையுமாக ஓடுகிறவர்களை உட்காரவைத்து, "இன்னிக்கு எது முக்கியம்?" என்று கேட்பாள். பால் சென்டர் ஹரிபாபுவுக்கு வேன் பஞ்சர், பால்காரர் சண்டை, கல்யாணப் பத்திரிகை என்றே பொழுது போய்விடும். ஜெனரேட்டரைப் பழுது பார்க்க மட்டும் நேரமிருக்காது. ஒருநாள் கரண்ட் போய், டேங்குப் பால் மொத்தமும் திரிந்தது. அன்று முதல் அபிகாயில் சொல்வதுதான் அவருக்கு வேதம். முக்கியமான வேலையை யாரும் கலைக்காதபடி, காலை எட்டு மணிவரை போன் அரிசி டிரம்முக்குள். கேட்டுச் சாவி மனைவி கல்பனாவின் இடுப்பில்.

ஜூன் மாதம் ஒரு காலை, கிருபானந்தத்தின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஹரிபாபுவின் கார் அடுத்த தெருவில். அபிகாயில் போன் அடித்தாள், எடுப்பார் இல்லை. செருப்பில்லாமல் ஓடினாள்.

"கல்பனா! கேட்டைத் தொற! நைனாவுக்கு வாய் இழுத்துக்கினு போவுது!"

"எட்டு மணி ஆவட்டும்க்கா."

"அர்ஜென்ட்டுமா!"

"வர்றவங்க அத்தினி பேரும் அர்ஜென்ட்டுனுதான் சொல்லுவாங்க, நம்பாதன்னு நீங்கதானே சொன்னீங்க? போன வாரம் என் தம்பியவே வெளிய நிக்க வெச்சேன். அவனும் அழுதான். மோட்டார் பெல்ட்டுக்கு!"

"நான் சொல்றேன், தொறடீ!"

கல்பனா சிரித்தாள். "சோதிச்சிப் பாக்க நீங்களே ஒருநாள் வருவீங்கன்னு அவரு அப்பவே சொன்னாரு."

அபிகாயில் கம்பியைப் பிடித்தபடி மண்டியிட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கல்பனாவின் சிரிப்பு நின்றது. லுங்கியோடு ஓடிவந்த ஹரிபாபு கார் எடுத்தார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: எப்போது ஆரம்பித்தது?

கேட்டில் போனது பத்து நிமிடம். அதற்கு முன்பே, விடியற்காலையில், கிருபானந்தம் டம்ளரை நழுவவிட்டிருந்தார். ஏதோ சொல்ல வந்து குழறினார். "இரு நைனா, ஒர்த்தர் அர்ஜென்ட்டா கேட்டுக்கினு கீறாரு" என்று அபிகாயில் புத்தூர் ஜவுளிக்கடைக்காரருக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கப்புறம் இன்னொருவர். அவருக்கும் அப்புறம் ஒருவர். அவள் தலை நிமிர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டர்.

இதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் அவளே சொல்கிறாள். யாரும் நம்புவதில்லை. கேட் கதைதான் ருசியாக இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்த நேரம், ஹரிபாபு சாத்துக்குடியோடு வந்தார். அபிகாயில் நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிருபானந்தம் வாய் திறந்தார், காற்றுதான் வந்தது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்ககிட்ட அஞ்சு கிளாஸுக்குப் பணம் குடுத்தேன், நாலுதான் ஆச்சு. கடைசி கிளாஸுல நெஜ அர்ஜென்ட்டு எது, பொய் அர்ஜென்ட்டு எதுன்னு கண்டுபுடிக்கச் சொல்லித் தர்றேன்னீங்க."

நைனாவின் தாடையில் வழிந்ததை அவள் துடைத்தாள்.

"அடுத்த வாரம் எடுக்கிறேன், ஹரி."

அந்த வகுப்பு இன்னும் பாக்கி நிற்கிறது.