அவசரக்கை

கேசட்டை மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, கணினியோடு இணைத்த டேப் பிளேயரில் சத்தத்தைத் தெளிவாக்கும் சிறு திருகாணியை நூலிழை அளவு திருப்புகிறார் கண்ணாடிக்காரம்மா. கையில் இருப்பது மூக்குக்கண்ணாடி முடுக்குகிற குட்டி ஸ்க்ரூடிரைவர். பட்டனை அமுக்கியதும் கீச்சென்று ஒரு சத்தம் அறையை நிறைக்கிறது. கணினித் திரையின் நடுவே ஒரு சதுரம், அதன் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடுகோடாக ஓடுகின்றன. பாதியில் நின்றுவிடுகிறது. "சரி, இன்னொரு தடவ," என்கிறார். இது பன்னிரண்டாவது தடவை.

வயது ஐம்பத்து நாலு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கும் வேலை. அரைத்த லென்ஸை ஃப்ரேமில் பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் கழற்றி மறுபடி அரைப்பார். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். பேருந்தில் கடைசி ஆளாக ஏறுவார். இப்பேர்ப்பட்டவருக்கு வீட்டார் வைத்த பெயர் அவசரக்கை.

பெயர் வந்தது பதின்மூன்று வயதில். அப்போது வீட்டில் டிவியோடு இணைக்கும் சின்னக் கணினி ஒன்று இருந்தது. ஒரு பத்திரிகையில் படகு விளையாட்டின் நிரல் பக்கம் பக்கமாக அச்சாகியிருந்தது; முக்கால்வாசி வெறும் எண்கள். அண்ணன் வாசிக்க, இவர் தட்டினார். நாலு நாள் வேலை; அடித்ததை ஒரு கேசட்டில் பதிந்துவைத்தார்கள். ஓடவிட்டதும் திரை வெள்ளையாகி அப்படியே நின்றது. "இவ அவசரக்கை. எங்கயோ தப்பா அடிச்சிட்டா," என்றார் அண்ணன். அவ்வளவுதான். அதன்பிறகு அப்பா ஒரு பேனாவுக்கு ரீஃபில் மாற்றக்கூட இவரிடம் கொடுத்ததில்லை.

போன மாதம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அண்ணனின் கண்ணாடித் தண்டு கழன்றது. இவர் கை நீட்டினார். "வேணாம்மா, கடையில குடுத்துக்கறேன். உன் கை அவசரக்கையாச்சே," என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தார்.

பழைய கணினி எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அதைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளை மகள் இந்தக் கணினியில் போட்டுக்கொடுத்தாள். அன்றைய விசைகளும் இன்றைய விசைகளும் ஒத்துப்போகவில்லை. கண்ணாடிக்காரம்மா துண்டுக் காகிதங்களில் குறியெழுதிக் கீபோர்டு முழுக்க ஒட்டியிருக்கிறார். வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. "எதுக்கு? அன்னிக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ அவ்வளவு ஆகட்டும்," என்று அதைத் தொடவேயில்லை.

பதினேழாவது தடவை கேசட் முழுதாக ஏறியது. ஓடவிட்டார். திரை வெள்ளையாகி நின்றது. "பாத்தியா, அதே மாதிரி கெட்டுப்போகுது," என்று மகளிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

பத்திரிகையின் அந்தப் பக்கங்களை இணையத்தில் யாரோ ஏற்றிவைத்திருந்தார்கள். மங்கிய அச்சு. மகள் பெரிதாக்கி எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டையும் குடும்மா. எங்க வித்தியாசம்னு மெஷினே ஒரு நொடியில சொல்லிடும்."

"மெஷின் சொன்னா உங்க மாமா நம்பிடுவாரு. நான் நம்பணும்ல?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், காலை முழுக்க, பூதக்கண்ணாடியும் பென்சிலுமாக ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு புள்ளி வைத்தார். இரண்டாம் ஞாயிறு ஒரு பிழை கிடைத்தது. 68 இருக்க வேண்டிய இடத்தில் 86. படகின் பின்பக்கம் கொஞ்சம் கோணலாகியிருக்கும், வேறொன்றுமில்லை. "இது என் கை," என்று வட்டமிட்டார்.

மூன்றாம் ஞாயிறு அச்சில் இருந்த எட்டு எண்கள் திரையில் இல்லவே இல்லை. ஒரு வரி முழுசாகக் காணோம். மேல்வரியும் 201 என்று முடிந்தது, விட்டுப்போன வரியும் 201 என்றே முடிந்தது. தட்டுகிறவள் ஓர் எண்ணை மாற்றி அடிப்பாள், ஒன்றை விடுவாள். வரியைத் தாண்டுவது வாசிக்கிற கண்தான்.

துள்ளிக் குதித்திருக்கலாம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் முதல் கண்ணாடியை நினைத்துப் பார்த்தார். படகு விளையாட்டுக்கெல்லாம் பிறகு, பதினெட்டு வயதில்தான் அவருக்குக் கண்ணாடி போட்டார்கள், எடுத்த எடுப்பில் பிளஸ் நாலு; கிட்டத்து எழுத்தை மங்கலாக்கும் குறை. பிளஸ் நாலு ஒரே நாளில் வந்துவிடாது. கடைக்கு வரும் பெற்றோரிடம் இவரே தினமும் சொல்கிற வாக்கியம்தான் அது.

அண்ணன் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். அடுத்த ஞாயிறு கூப்பிட்டதும் வந்தார். விஷயம் தெரிந்ததும், "இத்தன வருஷம் கழிச்சு கேஸ் போடறியா?" என்றார்.

"கேஸெல்லாம் இல்லண்ணா. இந்த ரெண்டு வரியையும் பாரு."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்போ எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும் எனக்கு. சொன்னா வாசிக்கிற வேலைய உங்கிட்ட குடுத்துடுவாங்கன்னு பேசாம இருந்துட்டேன். தப்பு எங்கன்னு சத்தியமா எனக்கும் தெரியாதும்மா. உன் கைன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

கண்ணாடிக்காரம்மா 86-ஐ அழித்து 68 என்று அடித்தார். "என்னுது ஆச்சு. விட்டுப்போன வரிய நீ சொல்லு."

அண்ணன் இரண்டு எண்கள் சொன்னார். மங்கலான அச்சில் மூன்றாவதுக்குத் தடுமாறினார். கண்ணாடிக்காரம்மா மேசையிலிருந்த ஒரு தபால் உறையை எடுத்து வரிக்குக் கீழே அணைத்து வைத்தார். அதன்பிறகு தடங்கலில்லை. எட்டும் முடிந்தது.

ஓடவிட்டார். திரை கறுத்தது. பிறகு அடியில் நீலத் தண்ணீர் வந்தது, அதன்மேல் விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படகு. மெல்ல ஆடிக்கொண்டு காத்து நின்றது.

"அட," என்று அண்ணன் ஆசையாகக் கை நீட்டினார்.

கண்ணாடிக்காரம்மா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.