பாதியில் நின்ற வகுத்தல்

கோவைத்தழையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசிய கரும்பலகைக்கு ஒரு பச்சை வாடை உண்டு. வரிச்சிக்குடியில் நான் அஞ்சாவது படித்தபோது, அந்த வாடை அடங்கிப் பலகை வெளுத்துப்போகும் வரைக்கும் ஒரே ஒரு வகுத்தல் கணக்கு அதன்மேல் பாதியில் நின்றது. தொண்ணூற்றாறை ஏழால் வகுக்க ஆரம்பித்த தட்சிணாமூர்த்தி சார், ஆறைக் கீழே இறக்கியதும் சாக்கட்டியை வைத்தார். வாசலில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஆள் நின்றான். ஊரில் ஆடு மாடு எண்ண வாத்தியாரைத்தான் அனுப்புவார்கள். “யாரும் அழிக்கக் கூடாதுடா, வந்து முடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அஞ்சாவதோடு நின்ற நான்தான் இன்றைக்கு மூன்று அறுவடை மிஷினுக்குச் சொந்தக்காரன். விழிதியூரில் கேட்டாலும் சுரக்குடியில் கேட்டாலும் என் பெயரைச் சொல்வார்கள். எவன் தோளையும் பிடித்து நான் ஏறவில்லை. ஆனால் பங்கு பிரிக்கிற இடத்தில் என் கண் அடுத்தவன் கையை விட்டு நகராது. ஊரில் என்னைச் “சந்தேகப் பிராணி” என்கிறார்கள். வகுக்கத் தெரியாதவன் பின்னே எப்படி இருப்பான்?

எங்கள் பக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரன் போய்க் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. புது சர்க்கார் எதற்கு மாட்டை எண்ணுகிறது என்பதே அப்போது ஊர்ப் பேச்சு. “எண்ண வர்றவன் சும்மாவா வருவான், நாளைக்கே வரி போடுவான்” என்று அப்பா எங்கள் நான்கு உருப்படியில் இரண்டை விடியுமுன்னே மூங்கில் கொல்லைக்கு ஓட்டிவிட்டார். தெருவே அப்படித்தான் செய்தது.

“சாணி நாலு மாட்டுதா இருக்கு, மாடு ரெண்டுதான் நிக்குது” என்றார் சார்.

“அதுங்க நல்லாத் திங்குங்க வாத்தியாரய்யா” என்றார் அப்பா, சிரிக்காமல்.

எழுதிக் கொடுத்தது பழைய கணக்கோடு ஒட்டவில்லை என்று ஆபீஸில் சாரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுபடி வந்தார். மாடுகள் மறுபடி மூங்கிலுக்குப் போயின. அது முடிவதற்குள் ஓட்டு லிஸ்ட் எடுக்கிற வேலையும் சார் தலையில் வந்தது. நாங்கள் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். நடவு ஆரம்பித்ததும் அப்பா என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார். மாட்டைக் காப்பாற்றினோம் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம், பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில், என் பேத்தியின் டீச்சர் செல்போனும் கையுமாக என் வாசலில் நின்றார். இந்நேரத்தில் தெருவில் இவருக்கு என்ன வேலை என்றுதான் முதலில் பார்த்தேன்.

“வீட்டுல எத்தனை பேருங்க ஐயா, வண்டி, மிஷின் எத்தனைன்னு சொல்லுங்க.”

“எதுக்கு?”

“எனக்கும் சொல்லலைங்க. எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க.”

“கிளாஸை யாரு பாக்குறா?”

“மூணாங்கிளாஸ் டீச்சரே பாத்துக்குறாங்க. வகுத்தலைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். எதிர்வீட்டுல மாத்தி மாத்திச் சொல்றாங்க. ஒட்டலைன்னா நாளைக்கும் வரணும்.”

ஒரே ஒரு மிஷின்தான் என்ற பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, “மூணு மிஷின், ஒரு டிராக்டர், எழுதிக்கங்க” என்றேன். அதோடு விடாமல் தெருக்கோடி வரைக்கும் கூடவே போய், ஒவ்வொரு வாசலிலும் உண்மையைச் சொல்ல வைத்தேன். எதிர்வீட்டுக்காரன், “மாமா வாயிலயே உண்மை வருது, நெல்லை அள்ளுங்கடா, மழை வரப்போவுது” என்றான்.

நான் சொன்ன மூன்று மிஷின் எங்கே போய் முடியுமோ, இன்னும் எனக்குப் பயம்தான்.

இப்போது அந்தப் பள்ளியில் கரும்பலகை இல்லை. சுவரில் இருக்கிற திரையை அணைத்தால் கணக்கும் போய்விடும், யாருக்காகவும் அது காத்திருக்காது. அன்று சாயந்திரம் பேத்தியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். வகுத்தல் கடைசிவரை இறங்கி, கீழே கோடு போட்டு, மீதியும் எழுதியிருந்தது. சரியா என்று பார்க்க எனக்குத் தெரியாது. டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார். நம்பினேன்.