பட்டியலில் இருந்த முகம்

வேன்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவள்; ஒரு நாளும் தாமதமென்று பேர் வாங்கியதில்லை. அப்படிப்பட்டவளைத்தான் சூப்பர் மார்க்கெட் வாசலில் காவலாளி மறித்தான்.

"உங்கள உள்ள விடக் கூடாதாம்மா. திருட்டுப் பட்டியல்ல உங்க முகம் இருக்குன்னு கேமரா காட்டிக் குடுக்குது."

சோப்பு வாங்க வந்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் வேனில் வரும் பிள்ளை ஒன்றின் தாய் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினார்.

"போன மாசம் பால்பவுடர் டின்ன எடுத்துட்டுப் போனது நீங்கதானே?"

திரையில் இருந்தது அவளுடைய அக்கா. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு வருடம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த மூக்கும் நெற்றியும் மட்டும் அப்படியே தங்கையினுடையவை.

"அது நான் இல்ல சார்," என்றாள். யாரென்று சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள்.

மறுவாரமே தகவல் பாதுகாப்பு அலுவலகத்தில் கடைமேல் புகார் கொடுத்தாள். வாடிக்கையாளரிடம் சொல்லாமல், சம்மதம் வாங்காமல் முகத்தைப் பதிந்து வைக்கக் கடைக்கு உரிமையில்லை என்று சட்டம் இருந்தது. நாலு மாதம் அலையவிட்டபின் உத்தரவு வந்தது: கடை மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், சேர்த்துவைத்த முகங்கள் அத்தனையையும் அழிக்க வேண்டும்.

உத்தரவைக் கையில் கொடுத்த பெண் அதிகாரியிடம் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், அந்தப் படத்துல இருக்கறது எங்க அக்கா. அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "உங்க முகத்த வச்சிருக்கக் கூடாதுன்னுதானேம்மா புகார் குடுத்தீங்க? அதே சட்டம்தான் அவங்களுக்கும். அவங்களே வந்து கேட்டாத்தான் தர முடியும்."

"அவ வரமாட்டா மேடம்."

வேன்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, படியிறங்குவதற்குள் அடங்கியும்விட்டது. அக்கா ரோஷக்காரி. திருடி என்ற பேரோடு வீட்டார் கண்ணில் படுவதைவிட, படாமலே இருப்பதைத்தான் விரும்புவாள்.

வேனில் ஏறி உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அக்கா உயிரோட இருக்காண்ணே."

"யார் சொன்னா?"

"நானே பாத்தேன். இளைச்சுப் போயிருக்கா. வீட்ல ஒரு குழந்த இருக்கும்போல."

பால்பவுடர் விஷயத்தை அவள் சொல்லவில்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் தேடினேன்னு அவகிட்ட சொல்லிருக்கலாமே," என்றான் அண்ணன்.

"சொல்ல முடியலண்ணே."

பள்ளி விடும் நேரமாகிவிட்டது. வண்டியைக் கிளப்பினாள்.