வெள்ளை நூல் கட்டிய ஸ்டென்சில்

என் உத்தியோக வாழ்க்கையில் மேலிடத்திலிருந்து எனக்கு வந்த பாராட்டுக் கடிதம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டென்சில் தாள்களைச் சுத்தம் செய்து, தொங்கவிட்டுப் பாதுகாத்து, வேண்டும்போது எடுத்து மறுபடியும் ஓட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்ததற்காக வந்தது. அந்த வழியைக் கண்டுபிடித்தது நான் இல்லை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தாள். அதன் கீழேயே உட்கார்ந்து வருஷக்கணக்காகக் காபி குடித்தவன் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். எந்த இலாகா என்பது இங்கே முக்கியமில்லை. தற்காலிகம் என்பதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வரவேண்டும். வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறவேண்டும். அந்த உத்தரவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஆபீசில் ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரம் இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. மெழுகு பூசிய மெல்லிய நீலத்தாள்தான் ஸ்டென்சில். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு அதன்மேல் அடித்தால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அதை இயந்திரத்தின் உருளையில் மாட்டி, டியூபிலிருந்து மையைப் பிதுக்கிக் கைப்பிடியைச் சுற்றினால், விலகின இடத்தின் வழியாக மை இறங்கி ஒவ்வொரு தாளாக அச்சாகி விழும். நூறு பிரதி, இருநூறு பிரதி எடுக்கலாம். எடுத்து முடித்த ஸ்டென்சிலைக் கசக்கி எறிந்துவிடுவோம். மை வழிய வழிய அதை வைத்திருக்க முடியாது. அதுவும் செஞ்சி வெயிலில்! மூன்று பக்கமும் பாறை. பகல் முழுக்க வாங்கின சூட்டை அது சாயங்காலம்வரை நம்மேல் வீசும். இரண்டு ஸ்டென்சிலை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மறுநாள் பிரிக்க முடியாது. ஆகையால் அதே படிவத்தை, அதே நோட்டீசை, மாதாமாதம் நான் புதிதாக அடித்துக்கொண்டிருந்தேன்.

இயந்திரத்தைச் சுற்றுவது எங்கள் ஆபீஸ் அட்டெண்டர். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆபீசில் எல்லாரும் அவரை வா, போ என்பார்கள். நான் மட்டும் வாங்க, போங்க என்பேன். அதை ஏதோ பெரிய தர்மம் செய்வதுபோல நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் தபால் கொண்டுபோவதும் அவர் வேலைதான். வல்லம் பக்கம், தளவானூர் பக்கம் என்று வெயிலில் மிதிப்பார். ஒருதரம் சைக்கிளோடு விழுந்து வலது முழங்கால் கெட்டுப்போயிருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் அந்த மூட்டு சத்தம் போடும்.

ஒருநாள் நான் பழைய படிவத்தையே திரும்ப அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அதையே எத்தனை தடவை அடிப்பீர்கள், விரல் நோகாதா என்று கேட்டார். நோகத்தான் செய்தது. அவர் ஆரம்பித்தது என் விரலுக்காகத்தான். இதை நான் எழுதியே ஆகவேண்டும்.

வீட்டிலிருந்து தவிடு கொண்டுவந்தார். நெல் அரைத்த தவிட்டைத் துணியில் சலித்து, மாவு மாதிரி நைசாக எடுத்து வந்தார். ஓட்டி முடித்த ஸ்டென்சிலைச் செய்தித்தாளில் ஒற்றி, இரண்டு பக்கமும் தவிட்டைத் தூவி, மெதுவாகத் தட்டினார். மையின் எண்ணெயைத் தவிடு குடித்துவிட்டது. தாள் ஒட்டாமல், பிசுபிசுக்காமல் இருந்தது. முதல் ஐந்தாறு கிழிந்தன. பிறகு கை பழகிவிட்டது.

அடுத்தது, வைக்க இடம். மூலையில் கரையான் அரித்த ஒரு மரபீரோ கிடந்தது. தட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் குறுக்கே மூங்கில் தப்பைகளைப் பொருத்தினார். தன் சைக்கிளின் பழைய ஆரக்கம்பிகளை வளைத்துக் கொக்கி செய்தார். ஸ்டென்சிலின் தலையில் உருளையில் மாட்டுவதற்கென்றே துளை போட்ட அட்டை இருக்கும். அந்தத் துளையைக் கொக்கியில் மாட்டிவிட்டார். ஒன்றோடொன்று உரசாமல் வரிசையாகத் தொங்கின. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது; எங்கள் படிவங்களோ முக்கால்வாசி இங்கிலீஷ். அதற்கும் வழி செய்தார். பஜாரில் தையற்கடை பாயிடம் நூல் வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் கட்டினார். நிலம் சம்பந்தப்பட்டதற்குச் சிவப்பு, ரேஷனுக்குப் பச்சை, தேர்தலுக்கு மஞ்சள். அவசரத்தில் ஓட்டிமுடித்த பிறகு நான் ஏதாவது பிழை கண்டுபிடித்தால் அதில் மட்டும் வெள்ளை நூல் கட்டுவார். வெள்ளை கட்டியிருந்தால் அதில் தப்பு இருக்கிறது, டைப்பிஸ்ட் திருத்திக் கொடுக்காமல் மறுபடி ஓட்டக்கூடாது என்று அர்த்தம். நான் திருத்துமருந்தைப் பிழையின்மேல் தடவி, காயவிட்டு, சரியான எழுத்தை அடித்துக் கொடுத்ததும் வெள்ளையை அவிழ்த்துவிடுவார்.

எந்த ஸ்டென்சிலைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் கையில் கொடுத்தார். நான் மாதத்தில் பத்து நாள் சும்மா உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஜில்லா ஆபீசுக்குக் கரண்டில் ஓடும் புது இயந்திரம் வரப்போகிறது, அதை ஓட்ட அட்டெண்டர்களிலிருந்து ஒருவரை எடுத்து ஆபரேட்டர் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அவர் அதை என்னிடம் நாலைந்து தரம் விசாரித்தார். வயது வரம்பு உண்டா, இங்கிலீஷ் வேண்டுமா என்று கேட்டார். ஆபரேட்டர் ஆனால் சைக்கிள் மிதிக்க வேண்டாம், முழங்கால் பிழைக்கும். அவர் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றுதான், கேட்டது என்னிடம்.

கடலூரிலிருந்து ஜில்லா அதிகாரி வருடாந்தரத் தணிக்கைக்கு வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் ஆபீசர் பீரோவைத் திறந்து பார்த்து, இதென்ன வேண்டுதல் மரம் மாதிரி நூலும் முடிச்சும், ஒழுங்காக லேபிள் ஒட்டு என்றார். நான் கத்தரிக்கோலை எடுத்து எல்லா நூலையும் வெட்டினேன். இங்கிலீஷில் நம்பர் போட்ட லேபிள் அடித்து ஒட்டினேன். நம்பருக்கு ஒரு இண்டெக்ஸ் நோட்டும் போட்டேன். அட்டெண்டர் கீழே விழுந்த நூல்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் நான் எப்படித் தேடுவது என்று கேட்டார். நான் இருக்கிறேனே, எடுத்துத் தருகிறேன் என்றேன்.

தணிக்கை நாளன்று அதிகாரி பீரோவின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு ஸ்டென்சிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது யாருடைய யோசனை என்று இங்கிலீஷில் கேட்டார். எங்கள் ஆபீசர் என்னைப் பார்த்தார். இரண்டடி தள்ளி அட்டெண்டர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். என்னுடைய நீட்டிப்பு உத்தரவு வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

என்னுடையதுதான் சார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அதிகாரி என் தோளைத் தட்டினார். அட்டெண்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. நான் தன்னைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்து, வெட்கத்தோடு தரையைப் பார்த்துச் சிரித்தார்.

ஜீப் கிளம்பின பிறகு என்னிடம் வந்தார்.

"தொரை இன்னா சார் சொன்னாரு?"

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொன்னாரு."

"எம் பேரச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

முதல் பொய்க்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. இதற்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

இந்த முறையை ஜில்லா முழுக்க எல்லா ஆபீசுக்கும் அனுப்பவேண்டும், விவரித்து ஒரு சுற்றறிக்கை தயார்செய்யுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானே எழுதினேன், நானே ஸ்டென்சில் அடித்தேன். தவிடு, மூங்கில், ஆரக்கம்பி எல்லாம் ஒழுங்காக எழுதி, கடைசிப் பத்தியில், இதைக் கண்டுபிடித்து அமைத்தவர் இந்த ஆபீஸின் தற்காலிக டைப்பிஸ்ட் என்று என் பெயரை இனிஷியலோடு அடித்தேன். ஆபீசர் கையெழுத்துப் போட்டார். அட்டெண்டரிடம் கொடுத்தேன், நூறு பிரதி.

அவர் உருளையில் மாட்டிக்கொண்டே இது எதைப் பற்றி என்று கேட்டார். நம்ம பீரோவைப் பற்றித்தான் என்றேன். அன்றைக்கு அவர் இயந்திரத்தைச் சுற்றினது போல என்றும் சுற்றினதில்லை. மை கூடாமல் குறையாமல், ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பார்த்து, ஊதிக் காயவைத்து அடுக்கினார். நூறு தடவை என் பெயரை அவர் கையாலேயே அச்சடித்தார். நான் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். முடிந்ததும், ஒன்றை நான் வைத்துக்கொள்ளட்டுமா, வீட்டில் காட்டுகிறேன் என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் பெண் கான்வென்ட்டில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் நன்றாக வாசிப்பாள். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நான் டைப்ரைட்டர் உறையைக் கழற்றும்போது வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை.

"அந்தப் பேப்பர்ல எம் பேரு எங்க சார் இருக்குது? பொண்ணு ரெண்டு தபா தேடிப் பாத்துச்சு, கெடைக்கல."

"அதுல பேரெல்லாம் போடமாட்டாங்க. ஆபீஸ் பேருதான் வரும்."

"உங்க பேரு இருக்குதாமே சார்."

நான் டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். கோணலாகப் போயிற்று. எடுத்து மறுபடியும் செருகினேன்.

"சரி சார். மை தீந்துபோச்சு. ஒரு டியூப் எடுத்துக் குடுங்க."

அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அதன்பிறகு ஆபரேட்டர் வேலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. இரண்டு மாதத்தில் என்னை நிரந்தரமாக்கி ஜில்லா ஆபீசுக்கு எடுத்துக்கொண்டார்கள். புது இயந்திரம் வந்து இறங்கியது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, செஞ்சியில் உங்களோடு ஒரு அட்டெண்டர் இருந்தாரே, வேலை சுத்தமாக இருந்தது, அவரையே ஆபரேட்டராகக் கொண்டுவரலாமா என்று கேட்டார். அவராகவே கேட்டார். நான் தலையாட்டினால் போதும், வேறொன்றும் செய்யவேண்டாம். ஆனால் அட்டெண்டர் வந்தால் உண்மையும் கூடவே வரும் என்று பயந்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது சார் என்றேன். அதிகாரி சரி என்று வேறு ஒருவரைப் போட்டார். வந்தவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. இதுதான் நான் செய்ததிலேயே கேவலமானது. பொய்கூடச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லியே ஒரு மனிதனின் காலை உடைத்தேன்.

நாலு வருஷம் கழித்து, தணிக்கைக் குழுவில் ஒருவனாகச் செஞ்சிக்குப் போனேன். அட்டெண்டர் ஆபீசில் இல்லை. தளவானூர்ப் பக்கம் தபால் கொண்டுபோயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்றார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

பீரோ அதே மூலையில் இருந்தது. புதிய டைப்பிஸ்ட், இதில் எதை எடுக்கவேண்டும் என்றாலும் நம்பர் பார்த்து நான்தான் எடுத்துத் தரவேண்டியிருக்கிறது, அட்டெண்டருக்குத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டார். திறந்தேன். என் லேபிள்கள் மஞ்சளாகிப் போயிருந்தன. நூல் ஒன்றும் இல்லை. கடைசித் தப்பையில், சுவரோரமாக, ஒன்றே ஒன்றில் மட்டும் இருந்தது, வெள்ளை.

கொக்கியிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். சுற்றறிக்கையின் ஸ்டென்சில். என் பெயர் பொடி எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது. தவிடு தூவித் தூவி ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தார். நேற்று ஓட்டினது போல இருந்தது. அதில் தப்பு இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை, மேலிடத்துக்கு எழுதிப் போடவில்லை. டைப்பிஸ்ட் வந்து திருத்தட்டும் என்று நூலை மட்டும் கட்டி நாலு வருஷமாகத் தொங்கவிட்டிருந்தார்.

மேஜைமேல் திருத்துமருந்துப் பாட்டில் இருந்தது. ஒரு வரிதான். காய ஐந்து நிமிஷம், அடிக்க ஒரு நிமிஷம். நான் அதைத் திரும்பக் கொக்கியில் மாட்டினேன். தலைவலி என்று குழுத்தலைவரிடம் சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஊரைத் தாண்டின சாலையில் அவர் எதிரே வந்தார். சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். நான் எதையோ தேடுபவன் போலக் குனிந்து, பஸ் தாண்டிப்போகும்வரை காலடியிலிருந்த பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

மனைவி போன பிறகு அந்தக் கடிதத்தைச் சட்டத்தோடு கழற்றிவிட்டேன். சுவரில் சதுரமாக வெளுப்பு இருக்கிறது. இதை எழுதினால் மனம் ஆறும் என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். யாராவது விசாரித்துக்கொண்டு வருவார்களோ, அட்டெண்டரின் பெண் எங்காவது இருந்து படித்துவிடுவாளோ என்று பயந்து, இதிலும் அவர் பெயரைப் போடாமல் விட்டிருக்கிறேன்.