அம்மா தின்னாத மீன்

ஆற்று மீனுக்குக் கடல் மீனின் வெடுக்குக் கிடையாது. ட்ரவுட் மீனைப் பையிலிருந்து எடுக்கும்போது ஈரக்கல்லில் படிந்த பாசியின் மணம் வரும். மஞ்சளும் உப்பும் தடவி எண்ணெயில் போட்டால்தான் அது மீனென்று வீட்டுக்கே தெரியும். ஒக்டோபர் பிறந்தால் இன்றைக்கும் அந்த இரண்டு மணமும் என் மூக்கில் வந்து நிற்கின்றன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜெர்மனியில் அகதிகளாகப் பதிந்த எங்களைக் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்குக் கிழக்கே, மலைகளுக்குள் கிடந்த ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவும் பத்து வயது நானும்தான். பின்னால் வருகிறேன் என்று சொல்லி அப்பா மன்னாரில் நின்றுவிட்டார். அவர் வந்து சேரும்வரை மீனை வாயில் வைப்பதில்லை என்று அம்மா மாதாவுக்கு நேர்ந்திருந்தார். மீனில்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத மனுசி, இரண்டு வருடமாகப் பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா பாத்திரம் கழுவிய விடுதியின் சமையற்காரர் ஆற்றில் தூண்டில் போடுகிறவர். தோள்மூட்டு வலி வந்ததும் தன் பழைய தூண்டில் கம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். கொக்கியில் இறகும் நூலும் சுற்றி ஈயைப்போலக் கட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்ற வேண்டும். "இவங்கள் மீனுக்குக்கூட ஒரு வாய் குடுக்க மாட்டாங்கள் போல கிடக்கு" என்று அம்மா சிரித்தார். மீன் பிடிக்கவும் பரீட்சை எழுத வேண்டிய நாடு இது. எங்கள் அகதி விண்ணப்பமான "அன்ட்ராக்" கந்தோரில் தூங்கிக்கொண்டிருக்க, மீன்களின் ஜெர்மன் பெயர்களைச் செபம்போலப் பாடமாக்கி, அம்மா இந்த நாட்டில் முதன்முதலாக வாங்கிய பத்திரம் மீன்பிடிப் பத்திரந்தான்.

ஒக்டோபர் மூன்றாம் கிழமையோடு ட்ரவுட் பிடிக்கத் தடை வந்துவிடும், அது முட்டையிடும் காலம் என்பதால், செப்டெம்பர் தொடங்கியதும் சனிக்கிழமை தவறாமல் ஆற்றுக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் "றப்பர் சப்பாத்தோடு" நின்று, தலைக்கு மேலே நூலை முன்னும் பின்னுமாக வீசி, எதிர்க்கரை மரவேர்களின் நிழலில் அந்த இறகை அம்மா வைப்பார். வைப்பார் என்றுதான் சொல்லவேண்டும், விழுந்த சத்தமே கேட்காது. உதிர்ந்து வரும் இலைகள் கொக்கியில் சிக்கும். எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி வீசுவார். அங்கே நிற்கும்போது மட்டும் அவர் அப்பாவைப் பற்றிக் கதைப்பதில்லை. பிடித்ததைப் பொரித்து, முள் பார்த்து, எனக்கே முழுவதையும் ஊட்டிவிடுவார்.

அந்த வருடத்துக் கடைசிச் சனிக்கிழமை நல்ல குளிர். சிவப்புப் பொட்டு வைத்த பெரிய மீனொன்றோடு வீட்டுக்கு வந்து, அதைப் பொரித்து வைத்துவிட்டு, "விரல் மடங்குதில்லை பிள்ளை, சோறு குழைக்க ஏலாது" என்றார். நான் குழைத்தேன். அம்மாவின் காப்பு முழங்கை வரை வழுகிப்போவதைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வருவதற்குள் அம்மா செத்துப்போவா என்று எனக்குப் பயம். தெரியாமல் தின்றால் நேர்த்தி முறியாது, பாவம் வந்தால் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, மூன்றாவது உருண்டைக்குள் முள் எடுத்த மீன் துண்டொன்றைப் புதைத்து நீட்டினேன். அம்மா மென்றார். சற்று நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். பிறகு விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை கெல்சென்கிர்ச்சனிலிருந்து சித்தப்பா தொலைபேசி எடுத்தார். நானும் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். "அண்ணையைச் சந்தியிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், அண்ணி." அம்மா ஒரு கேள்விதான் கேட்டார்: "எப்ப?"

"போன சனிக்கிழமை."

அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார் என்றும் இல்லை, போய்விட்டார் என்றும் இல்லை. அடுத்த வசந்தத்தில் தடை நீங்கியபோது கம்பு கதவுக்குப் பின்னாலேயே நின்றது. அந்த விடுதி இப்போது இல்லை, சமையற்காரரும் இல்லை, கம்பு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியாது. அப்பாவை நான்தான் கொன்றேன் என்ற நினைப்பு மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வந்தது.

போன ஒக்டோபரில், கெல்சென்கிர்ச்சன் வீட்டுக் குசினியில், எழுபது கடந்த அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவர் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரியும் பிள்ளை. மன்னாரிலை பிறந்தவளுக்கு மீன் ருசி தெரியாதே? துப்பியிருக்கலாம். ஆசையாக் கிடந்தது, முழுங்கிப்போட்டன்." பருப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, "நான்தான் முறிச்சது. உன்ரை அப்பாவைத் திண்டுபோட்டன் எண்டு உன்னட்டை எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

இத்தனை வருடமும் ஒரே கூரைக்குக் கீழே, அடுத்தடுத்த அறைகளில், இரண்டு பேரும் ஒரே பழியைத் தனித்தனியே சுமந்திருக்கிறோம். ஈரம் சொட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் சோறு குழைத்தேன். பருப்பு மட்டும்தான். உருட்டி நீட்டினேன். அம்மா பார்க்காமலே வாயைத் திறந்தார்.